கண்டக்டரை விட்டுவிட்டுப் போன பஸ்

பஸ் பயணியை விட்டுவிட்டுப் போவது உலக வழக்கம். ஓடி வந்து, கையை ஆட்டி, தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் புகையை மட்டும் வாங்கிக்கொண்டு நிற்பவர்களை எங்கேயும் பார்க்கலாம். ஆனால் ஒரு பஸ் தன் கண்டக்டரையே நடுவழியில் விட்டுவிட்டுப் போனதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பதினேழாம் நம்பர் பஸ் போயிருக்கிறது. அதிலும் கூத்து என்னவென்றால், அந்தக் கண்டக்டரே விசில் ஊதி அதை அனுப்பிவைத்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஆள் குள்ளம், குரல் மட்டும் நெட்டை. பின்படியில் நின்று "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல என்ன கல்யாணமா நடக்குது?" என்று ஒரு அதட்டல் போட்டால் முன்வாசலில் நிற்பவர் தானாக இரண்டடி நகர்வார். எட்டு வருஷம் ஒப்பந்த வேலையில் இருந்தாள். இன்றைக்கு இந்த ரூட், நாளைக்கு அந்த ரூட், நாளை மறுநாள் வேலை உண்டோ இல்லையோ தெரியாது. எட்டு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, நிரந்தரமாக்கி ஆர்டர் வந்தது. பதினேழாம் நம்பர் அவளுக்கே அவளுக்கு. டிப்போவில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை, குளியலறையில், கையில் இருந்த பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்தது.

கல்யாணமாகி நாலு வருஷம். வேண்டாம் என்று இருந்ததில்லை, வேண்டும் என்று தவம் கிடந்ததும் இல்லை. ஆனால் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் அவள் மனசில் முதலில் வந்தது ஒரே ஒரு சொல்தான். "இப்பவா?"

அவ்வளவுதான். ஒரு நொடி. வெளியே வந்து புருஷனிடம் காட்டினாள். அவன் தலைகால் புரியாமல் துள்ளினான், அவளும் சிரித்தாள். சாதாரணமாக இருந்தால் அந்தச் சொல் அதோடு மறந்து போயிருக்கும். அடுத்த வாரம் வாந்தி ஆரம்பித்தது.

மசக்கை காலையில்தான் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவனைக் கூப்பிட்டு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இவளுக்குக் காலை, மதியம், சாயங்காலம் என்று பாகுபாடே கிடையாது. டீசல் வாசம் பட்டால் வரும். ஈரக் குடை வாசம் பட்டால் வரும். பல்பசையைப் பார்த்தாலே வரும். ஒரு பயணியின் தலை எண்ணெய் வாசத்துக்கு மூன்று நிறுத்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்திருக்கிறாள். தண்ணீர் குடித்தால் தண்ணீரும் திரும்பி வந்தது. போன வழியே திரும்பி வருவதற்கு அது என்ன, பதினேழாம் நம்பரா?

வேலைக்கு நடுவில் சமாளிக்க அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். விசிலைப் பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டால் குமட்டல் கொஞ்சம் அடங்கியது. உண்மையிலேயே அடங்கியதா, அடங்கியதாக நினைத்தாளா, யாருக்குத் தெரியும். எப்போதும் விசில் வாயிலேயே இருந்தது. ஒரு ஊதல் என்றால் வண்டி நிற்கணும், இரண்டு ஊதல் என்றால் வண்டி கிளம்பணும். மற்ற நேரமெல்லாம் அவள் குடலை உள்ளே பிடித்து வைப்பது அதன் வேலை.

வீட்டில் நிலைமை இதைவிட மோசம். புருஷன் ஒரு பெரிய ஆபீஸ் கேன்டீனில் சமையல்காரன். தினமும் ஒரு மூட்டை வெங்காயத்தோடு மல்லுக்கட்டுகிறவன். அவன் தெருமுனையில் திரும்பும்போதே இவளுக்கு இங்கே வயிறு பிரட்டும். பாவம், அவன் வந்ததும் வராததுமாகக் குளிப்பான். போதாது என்று வாசனை சோப்பு வாங்கினான். மல்லிகை ஒன்று, சந்தனம் ஒன்று, பெயரே வாயில் நுழையாத வெளிநாட்டுப் பூ ஒன்று. அந்த வாசனைகள் வெங்காயத்தைவிட மோசமாகக் குமட்டின. அதை அவனிடம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அடுப்படியில் படுத்தான்.

இந்த நேரம் பார்த்து அவனுடைய சித்தி வந்து சேர்ந்தாள். நல்ல மனுஷிதான், மறுக்கவில்லை. வந்ததும் துணி துவைத்துப் போட்டாள், தண்ணீர் பிடித்து வைத்தாள். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கலாம்.

"ஏம்மா, ரெண்டு வாரமா விடாம எடுக்கிறியே! மனசுக்குள்ள பிள்ள வேண்டாம்னு இருந்தாத்தான் இப்படி ஆகுமாம். உடம்பு வெளிய தள்ளப் பாக்குமாம். உனக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?"

சித்தி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள். இவளுக்கோ அந்த "இப்பவா?" ஓடி வந்து முன்னால் நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாந்தியும் அவளுக்குச் சாட்சி சொல்வதாகத் தோன்றியது. பிள்ளை அதைக் கேட்டுவிட்டது, நான் வேண்டாம் என்று சொன்னது அதற்குத் தெரிந்துவிட்டது என்றே நம்பினாள். பஸ்ஸில் யார் மடியிலாவது கைக்குழந்தை இருந்தால் உற்றுப் பார்ப்பாள். பாசம் பொங்குகிறதா? இல்லை. குமட்டல்தான் பொங்கியது. 'நான் அம்மா ஆகவே லாயக்கில்லாதவள். இந்தப் பிள்ளை பாவம், தப்பான இடத்துக்கு வந்துவிட்டது' என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை நினைத்தாள். தூக்கம் போனது. பேச்சு குறைந்தது. பின்படி அதட்டல் நின்றே போனது. கர்ப்பிணிகள் பரிசோதனைக்குப் போனபோது "வாந்தி இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு" என்றாள். "நார்மல்தான்" என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளைமேல் பாசம் வராதவளை ஊர் மன்னித்தாலும் மன்னிக்கும், பெறுவதற்கு முன்பே வராதவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? யாருக்கும் தெரியக்கூடாது என்று வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அப்படி ஒரு புதன்கிழமை, முற்பகல் பத்தரை மணிக்கு, தபால் நிலைய நிறுத்தத்தில் அது நடந்தது.

வண்டியில் நல்ல கூட்டம். இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருத்தி தையல்காரி. இவள் வயசுதான் இருக்கும். தைத்து முடித்த சீருடைகளைப் பெரிய துணி மூட்டையாகக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மூட்டை படியில் சிக்கியது. அதை எடுத்துவிட கண்டக்டர் கீழே இறங்கினாள். மூட்டையை இழுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், நிறுத்தத்துக்குப் பின்னால் யாரோ குப்பையைக் கொளுத்தியிருந்தார்கள். அந்தப் புகை நேராக மூக்கில் ஏறியது.

அவ்வளவுதான், குடல் வாய்க்கு வந்தது. இரண்டு எட்டில் நிறுத்தத்தின் கம்பத்தைப் போய்ப் பிடித்தாள். வாயில் விசில் இருப்பது அவளுக்கு நினைவே இல்லை. முதல் உந்தலுக்கு "பீ" என்றது. இரண்டாவது உந்தலுக்கு "பீ" என்றது. மூன்றாவதுக்கு விசில் தெறித்து நெஞ்சில் கயிற்றோடு தொங்கியது.

டிரைவர் அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இருபது வருஷ சர்வீஸ். "தங்கச்சி விசில் கொடுத்தா போதும், நான் கண்ணாடியில பின்னாடி பாக்கவே மாட்டேன்" என்று டிப்போ முழுக்கப் பெருமை அடித்துக்கொள்கிறவர். அன்றும் பார்க்கவில்லை. இரண்டு விசில் கேட்டது, கியரைப் போட்டார், வண்டி கம்பீரமாகக் கிளம்பிப் போனது.

கண்டக்டர் நிமிர்ந்து பார்த்தபோது பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. கத்தலாம் என்றால் தொண்டையில் சத்தம் இல்லை. செல்போன் டிரைவர் பக்கத்துப் பெட்டியில். அவளும், தோளில் பையும், முழங்கையெல்லாம் வாந்தியும், பக்கத்தில் சீருடை மூட்டையோடு தையல்காரியும்.

தையல்காரி பஸ்ஸைப் பார்த்தாள். கண்டக்டரைப் பார்த்தாள். திரும்பவும் பஸ்ஸைப் பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ஐயோ கண்டக்டரம்மா, மன்னிச்சுக்கங்க... நீங்களே விசிலடிச்சு... நீங்களே அனுப்பி..."

கண்டக்டருக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவளுக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாசத்தில் முதல் சிரிப்பு. சிரித்தாள், சிரித்தாள், எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். தையல்காரியின் சிரிப்பு பட்டென்று நின்றது. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இவள் கையையும் வாயையும் கழுவிவிட்டாள், முந்தானையால் துடைத்தாள்.

"எத்தனாவது மாசம்?"

"மூணு முடிஞ்சு நாலு."

"தினமும் இப்படியா?"

"தினமும். ரெண்டு மாசமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன்பின் தெரியாத ஆளிடம் வாய் திறந்துகொள்ளும் சமயம் ஒன்று உண்டு. "நான்தாங்க காரணம். தெரிஞ்சப்ப சந்தோஷப்படல. 'இப்பவா'ன்னு நினைச்சேன். அதான் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கல. எனக்கும் அதுமேல பாசமே வரல. யார்கிட்டயும் சொல்லல."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இனி இவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நிற்பாள் என்று எதிர்பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள் தையல்காரி. "நீங்க ஒரு தடவைதான் நினைச்சீங்க. நான் மூணு மாசம் தினமும் நினைச்சேன். அந்தப் பய இப்ப நாலாவது படிக்கிறான். சாப்பாட்டத் தட்டுல வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் ஜன்னலையே பாப்பான். வேற ஒரு குறையும் இல்ல."

"ஆனா வாந்தி..."

"வாந்தியா? எனக்கு ஏழு மாசம் எடுத்துச்சு. என் அக்காவுக்கும் அப்படித்தான், அவ பிள்ளைக்காக ஆறு வருஷம் காத்துக்கிட்டு இருந்தவ. வேண்டாம்னா நினைச்சா? ஒரு நாள் பல்வலி வந்தாலே நமக்கு உலகமே வெறுத்துப் போகுது. உங்களுக்கு ரெண்டு மாசமா சோறு தண்ணி தங்கல. மனசு மட்டும் பாட்டா பாடும்? பாசம் எங்கயும் போயிருக்காது. பசியோட கெடக்கும், அவ்வளவுதான். டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க. வாந்திய மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க. நான் ஏழாம் மாசம்தான் சொன்னேன், மட்டி. அதுவரைக்கும் பட்டது வீண்."

கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்தாள். அதில் ஏளனம் இல்லை, பரிதாபமும் இல்லை. சட்டைப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் கணக்கைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டாள். நெஞ்சில் இரண்டு மாசமாக உட்கார்ந்திருந்த கல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

இதற்குள் அங்கே பஸ்ஸுக்குள் வேறொரு நாடகம். இது டிரைவர் அண்ணன் பிற்பாடு சொன்னது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு முழம் நீளும், நான் கொஞ்சம் வெட்டித்தான் சொல்கிறேன். முன்னால் இருந்தவர்கள் கண்டக்டர் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்தார்கள், பின்னால் இருந்தவர்கள் முன்னால் என்று நினைத்தார்கள். நிறுத்தச் சொல்லி விசில் வரவே இல்லை, அதனால் அவர் நிறுத்தவே இல்லை. இரண்டு நிறுத்தம் பறந்து போனது. இறங்க வேண்டியவர்கள் கூப்பாடு போட்டார்கள்.

"விசில் வரலையே!" என்று இவர் கத்தினார்.

"விசில் ஊத ஆளே இல்லைய்யா!" என்று பின்னாலிருந்து பதில் வந்தது.

வண்டியை ஓரம் கட்டி எழுந்து பார்த்தார். பேயறைந்தவர் மாதிரி ஆகிவிட்டார். "தங்கச்சி மாசமா இருக்குது" என்று மட்டும் வாயில் வந்ததாம். அவரிடம் அவள் சொன்னதே இல்லை. ஆனால் இரண்டு மாசமாக வேகத்தடையில் அவர் ஏன் ஊர்ந்து போனார் என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விளங்கியது.

"அடுத்த பஸ் பிடிக்கிறவங்க பிடிச்சுக்கங்க, நான் வண்டியத் திருப்பப் போறேன்" என்றார். யாரும் இறங்கவில்லை. கழுத்தில் டை கட்டிய ஒருவர் மட்டும் எழுந்து, "எனக்கு நேரமாச்சு" என்றார். பஸ்ஸே திரும்பி அவரை முறைத்தது. "அதத்தான் சொல்றேன், நேரமாச்சு, சீக்கிரம் திருப்புங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

பெஞ்சில் இருந்தவளுக்குத் தன் பஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது தெரிந்தது. எட்டு வருஷமாகப் பஸ்ஸை உள்ளே நின்றே பார்த்தவள், தன் பஸ் வருவதை வெளியில் நின்று பார்த்ததில்லை. எல்லா ஜன்னலிலும் கை ஆடியது. தினமும் அவளிடம் சில்லறைக்குச் சண்டை போடுகிறவர், படியில் தொங்கித் திட்டு வாங்குகிறவர், ஒரு நாளும் வாய் திறக்காத கண்ணாடிக்காரப் பெண், எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அண்ணன் குதித்து ஓடி வந்தார்.

"என்னை மன்னிச்சுடு தங்கச்சி. பாக்காம விட்டுட்டேன்."

"நான்தாண்ணே ஊதுனேன்" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சந்தோஷம் எப்படி இருக்கும் என்பதே மறந்திருந்தவளுக்கு அன்றைக்கு அது ஐம்பது பேரோடு வந்தது. ஜன்னலோர சீட்டைக் காலி செய்து உட்கார வைத்தார்கள். காற்று வரட்டும் என்று நடுவில் நின்றவர்கள் தாமாகவே விலகி நின்றார்கள். தையல்காரி போக வேண்டிய வேலையை விட்டுவிட்டு மூட்டையோடு திரும்ப ஏறிக்கொண்டாள். "போலாமா?" என்று டிரைவர் கேட்க, பஸ் மொத்தமும் "ரைட்!" என்று கத்தியது. அவளை நேராக ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். டிப்போவுக்கு டிரைவர் அண்ணனே போன் போட்டுப் பேசி, மாற்று ஆளை வரவழைத்தார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "வாந்தி இருக்கா?" என்று ஆரம்பித்தாள். தையல்காரி முழங்கையால் ஒரு இடி இடித்தாள். கண்டக்டர் எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கம் இல்லாதது, அழுகை, பாசம் வராதது, அந்த ஒரு சொல். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

"நீங்க அப்படி நினைச்சதால வாந்தி வரல. இது உடம்பு செய்யுற வேலை. சிலருக்கு ரொம்பக் கடுமையா வரும், அதுல நீங்க ஒருத்தர். அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கீங்க, உடம்புல தண்ணியே இல்ல. இப்படி இருந்தா யாருக்கும் மனசு உடையும். ரெண்டுக்கும் சேத்தே வைத்தியம் பாப்போம். முன்னாடியே கேட்டிருக்கணும், நாங்க கேக்கல. அது எங்க தப்பு."

அன்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியது. மாத்திரை தந்தார்கள். வாரம் ஒரு தடவை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள், போனாள். ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் நாலாம் நாள் ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போய் உள்ளேயே இருந்தது. அந்த ஒரு டம்ளர் தண்ணீருக்கு அவள் பட்ட சந்தோஷத்தை எழுதி மாளாது.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று சாயங்காலமே புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டான், உள்ளே வரப் பயம்.

"இப்பவான்னு நினைச்சதுக்கா இத்தனை நாள் இப்படிக் கெடந்த?" என்றான். "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உனக்கு என்னைத்தான் பிடிக்காமப் போச்சுன்னு. கேக்கவும் பயம். அதான் சோப்பா வாங்கித் தள்ளினேன்."

"அந்தச் சோப்பத் தூக்கிப் போடு முதல்ல. வெங்காயமே தேவல."

அவன் மூன்று சோப்பையும் அந்த நிமிஷமே கொண்டுபோய் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். சித்தியிடமும் அவனே பேசினான். சித்தி வாயில் கை வைத்துக்கொண்டு, "அடக் கடவுளே, யாரோ சொன்னதச் சொன்னேன்டா" என்று அழுதாள். மறுநாள் முதல் அவள் வாழைப்பழத்தை மட்டும் உரித்தாள், வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் மாசம் வரை கண்டக்டர் பதினேழில்தான் போனாள். பின்படி அதட்டல் திரும்பி வந்தது. திட்டு வாங்கியவர்களுக்கே அதில் ஒரு நிம்மதி. தையல்காரி வாரம் மூன்று நாள் ஏறுவாள். "என்ன விசிலு, இன்னைக்கு பஸ்ஸ விட்டுடலையே?" என்று கேட்காமல் இறங்க மாட்டாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று கண்டக்டருக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒரு தடவை சொல்லப் போனபோது, "சும்மா இரு, நான் பாட்டுக்குச் சிரிச்சேன், அதுக்கு நன்றியா?" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெண் பிறந்தாள். நர்ஸ் பிள்ளையை நெஞ்சில் வைத்தாள். கண்டக்டர் காத்திருந்தாள். எல்லாரும் சொல்வார்களே, பார்த்த மாத்திரத்தில் பொங்கும் என்று. பொங்கவில்லை. களைப்பும் ஒரு ஆச்சரியமும் மட்டும் இருந்தது. பழைய பயம் தலையைத் தூக்கியது. ஆனால் இந்தத் தடவை அவள் அதற்கு இரண்டு மாசம் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற புருஷனிடம் அப்போதே சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க."

"சரி" என்றான் அவன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பக்கத்துல உக்காந்துக்கவா?"

உட்கார்ந்தான். ஆலோசகர் வந்து பார்த்தாள், அடிக்கடி வருவேன் என்றாள். நாட்கள் போயின. பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தூங்கினாள், தூங்காமல் இருந்தாள்.

ஒன்பதாம் நாள் மதியம். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அது ஒரு தடவை விக்கியது. அடுத்த நொடி குடித்த பால் முழுவதையும் அவள் கழுத்திலும் முதுகிலுமாகக் கக்கியது. "ஐயோ ஐயோ, இங்க கொடு" என்று சித்தி துணியோடு ஓடி வந்தாள்.

கண்டக்டர் கையை நீட்டி அவளை நிறுத்தினாள். கழுத்து வழியாகப் பால் வழிந்து ரவிக்கைக்குள் இறங்கியது. அவள் அசையவில்லை. பிள்ளையின் முதுகை மெல்லத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது.

"இருங்க சித்தி, அவ முடிக்கட்டும்" என்றாள். "எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும். மெதுவா எடுடி என் தங்கம். அம்மா பிடிச்சிருக்கேன்."